கடிக்கிற வண்டி

“ஏனுங்க சாமி, இந்த வண்டி எங்களை மட்டும் ஏன் கடிக்குது?”

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஒருமுறை இப்படிக் கேட்டாள். கேட்கப்பட்டவர் மோட்டார் மேஸ்திரி மருதாசலம். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷமாகக் கார்களுக்கு வயரிங் வேலை செய்பவர். கரண்ட் எந்தக் கம்பியில் போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே கசிகிறது என்பதை அவர் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் தெரிந்த பிறகு அன்று மத்தியானம் அவரால் சோறு உண்ண முடியவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், ஐப்பசி மாதம். எருமப்பட்டிக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவில் தோட்டம் வைத்திருந்த, ஆட்களெல்லாம் பண்ணாடி என்று கூப்பிடுகிற நாச்சிமுத்து என்பவர் எருமப்பட்டிக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஒரு சர்வீஸ் கார் விட்டிருந்தார். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய அமெரிக்க வண்டி அது. நாச்சிமுத்து அதன் பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டு, ராசிபுரத்துத் தச்சரைக் கொண்டு மரத்தில் ஒரு கூண்டு கட்டியிருந்தார். உள்ளே இரண்டு பக்கமும் பலகைகள். பத்துப் பேர் உட்காரலாம். சந்தை நாளில் பதினாறு பேர் உட்கார்ந்தார்கள். பின்னால் ஒரு படி. மூட்டை ஏற்றுகிறவர்கள் பிடித்துக்கொள்வதற்காகப் படிக்கு மேலே கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புக் கம்பி. டிரைவருக்கு முன்னால் நாமக்கல் ஆஞ்சநேயர் படம், அதற்கு ஒரு துளசி மாலை.

கூலிக்காரத் தெருவிலிருந்து வருகிறவர்கள் கூண்டுக்குள் உட்காரக் கூடாது. கூடையை ஏற்றிவிட்டு அவர்கள் பத்துக் கல்லும் நடந்தே போய் நாமக்கல்லில் இறக்கிக்கொள்ள வேண்டும். வண்டியை நெருங்கும்போது காலில் செருப்பு இருக்கக் கூடாது. இவையெல்லாம் எழுதிவைத்த சட்டங்கள் அல்ல. எழுதிவைத்திருந்தால் யாராவது ஒருவர் படித்துப் பார்த்து வெட்கப்பட்டிருக்கக் கூடும்.

மழை தொடங்கியதும் வண்டி தகராறு செய்தது. கிளம்பும்போது நன்றாக ஓடும். நாலு தூறல் விழுந்தால் இருமும், குலுங்கும், மேட்டில் ஏறாமல் நிற்கும். நாச்சிமுத்துவுக்குக் காரணம் தெளிவாகவே தெரிந்திருந்தது. டிரைவர் சென்றாயன்தான் காரணம்.

“உன் கை பட்டுத்தான் வண்டி கெட்டுது,” என்றார். “வெள்ளிக்கிழமை நாமக்கல்லுல பர்மிட்டுக்கு வண்டியைக் காட்டோணும். போலீஸ் சார்ஜெண்ட் முன்னால வண்டி நின்னுச்சுன்னா, அன்னிக்குச் சாயந்தரமே நீ ஊட்டைக் காலி பண்ணிக்கோ.”

வீடு என்று அவர் சொன்னது தோட்டத்து மூலையில் இருந்த ஓலைக் குடிசையை. சென்றாயனும் மனைவியும் மூன்று குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அவனுக்கு வேறு நிலமில்லை, வேறு ஊரில் உறவும் இல்லை. மோட்டார் ஓட்டுவதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. அந்த வட்டாரத்தில் வேறு மோட்டாரும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் மருதாசலம் வந்து சேர்ந்தார்.

அவர் வேலை தொடங்கும் முறை ஒன்று உண்டு. முதலில் நெற்றியில் திருநீறு. பிறகு வண்டியின் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதன் பிறகு, எல்லாரும் செய்வதற்கு நேர்மாறாக, கழற்றி வைத்த செருப்பை மறுபடி மாட்டிக்கொள்வார். பழைய டயரை அறுத்துத் தைத்த செருப்பு அது. கரண்ட் வேலை செய்கிறவன் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்பது அவர் பட்டறையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் பொறி கொடுக்க ஒரு காயில். நாலு காயிலும் டிரைவர் காலுக்கு முன்னால் ஒரு மரப்பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. மருதாசலம் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். காயில்களை வெயிலில் காயவைத்தார். டிரைவர் இருக்கைக்கு அடியில் எலிக்கூடு ஒன்று இருந்தது. கந்தலும் கடலைத் தோலும் செத்த எலிக்குஞ்சு இரண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அதையும் வாரி எறிந்தார்.

“வண்டிக்குப் பின்னால ஒரு சங்கிலி மண்ணைத் தொட்டுக்கிட்டுத் தொங்குதே, அது எதுக்குப்பா?” என்று சென்றாயனைக் கேட்டார்.

“இடி விழாம இருக்கக் கட்டினதுங்க,” என்று சொல்லிவிட்டுச் சென்றாயன் வேறு பக்கம் பார்த்தான்.

மத்தியானம் வண்டியை எருமப்பட்டி வரை ஓட்டிப் பார்த்தார்கள். முன் இருக்கையில் நாச்சிமுத்துவும் வந்தார். காப்பிக் கடை எதிரில் வண்டி நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் கத்தரிக்காய்க் கூடையோடு வந்து, ஒரு கையால் பின் கம்பியைப் பிடித்தார். அடுத்த நொடி ஐயோ என்று துள்ளி விழுந்தார். கத்தரிக்காய் சேற்றில் உருண்டது. காப்பிக் கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சிரித்தார்கள்.

“பெருசு, வண்டி உன்னை மாப்பிள்ளையா ஏத்துக்க மாட்டேங்குதே.”

“ஆடற ஆட்டத்தைப் பாரு. கோயில் நோம்பிக்குக் கூப்பிடலாம்.”

மருதாசலமும் சிரித்தார். மோட்டாரைக் கண்டு மிரளும் பட்டிக்காட்டு மனிதர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எஞ்சின் சத்தத்துக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தார். கிழவர் யாரையும் பார்க்காமல் காய்களைப் பொறுக்கினார்.

புதன்கிழமையும் வேலை நடந்தது. மழையில் அடிக்காமல் போவது மூன்றாவது சிலிண்டர் ஒன்றுதான் என்று மருதாசலம் கண்டுபிடித்தார். மூன்றாவது காயிலை எடுத்து முதல் இடத்திலும், முதலாவதை மூன்றாவது இடத்திலும் மாற்றி வைத்தார். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு இடம் மாற வேண்டும். மாறவில்லை. பிளக்கை மாற்றினார். வெளியே தெரிந்த வயரை எல்லாம் புதிதாக மாற்றினார். சாயங்காலம் தூறல் விழுந்ததும் மூன்றாவது சிலிண்டர் மறுபடி விக்கியது.

“நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது மேஸ்திரி,” என்றான் சென்றாயன். அவன் குரலில் உயிர் இல்லை. அவன் மனைவி அன்றைக்கே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து ஓரமாக அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

“பயப்படாதே. ஆஞ்சநேயர் இருக்கார்,” என்றார் மருதாசலம். அன்று இரவு நாச்சிமுத்துவின் வீட்டில் அவருக்கு நல்ல சாப்பாடு. நெய் விட்டுக் கொள்ளுப் பருப்பு. நாச்சிமுத்து பக்கத்தில் நின்று உபசரித்தார். மருதாசலம் மனசார வாழ்த்திவிட்டுப் படுத்தார்.

வியாழக்கிழமை விடியும்போதே மழை. கொல்லிமலை இருந்த இடமே தெரியவில்லை. வண்டி நின்ற கொட்டகையின் பின்பக்கம் ஒழுகியது. கூண்டின் வால்பகுதி சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது. மருதாசலம் எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் வந்து கம்பியில் சாய்ந்து நின்று, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, விக்கல், நாலு.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள் பழனியம்மாள். தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். கூடவே அவள் மகள் ராசாத்தி, தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“மழையில நிக்காதே கண்ணு. இப்படி வந்து இந்தப் படியில உக்காரு,” என்றார் மருதாசலம்.

சிறுமி அசையவில்லை. “மாட்டேனுங்க. கடிக்கும்.”

“எது கடிக்கும்?”

“வண்டிங்க.”

“வண்டிக்குப் பல்லு இருக்குதா? இங்க பாரு.” கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். “என்னைக் கடிக்குதா?”

“உங்களைக் கடிக்காதுங்க. பண்ணாடியைக் கடிக்காது. கணக்குப்பிள்ளையைக் கடிக்காது.” சிறுமி கொஞ்சம் யோசித்தாள். “ஏனுங்க சாமி, இந்த வண்டி எங்களை மட்டும் ஏன் கடிக்குது?”

“சும்மா இரு புள்ளே,” என்று பழனியம்மாள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். “சின்னது, என்னமோ பேசுதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

“நெசமாவே கடிக்குதாம்மா?”

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். “எங்க பாவமுங்க. வண்டியில ஆஞ்சநேயர் குடியிருக்கிறாராம். நாங்க சுத்தமில்லாமத் தொட்டா அவருக்குப் பொறுக்காதாம். பண்ணாடி சொன்னாருங்க. மழை நாள்ல சாமிக்குக் கோவம் இன்னும் சாஸ்தி. கையெல்லாம் மரத்துப் போயிரும். என்ன பண்றது, கூடையை ஏத்தியாகோணுமே. குளிச்சுட்டு, விரதம் இருந்துகூடத் தொட்டுப் பாத்தேனுங்க. அப்பவும் கடிச்சுது.”

மழை நாளில் சாஸ்தி. அந்த வார்த்தை மருதாசலத்தின் காதில் விழுந்து அங்கேயே நின்றது. வண்டி இருமுவதும் மழை நாளில்தான். அவர் குனிந்து பழனியம்மாளின் காலைப் பார்த்தார். வெறுங்கால், கணுக்கால் வரை சேறு. சிறுமிக்கும் அப்படியே. பிறகு தன் காலைப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றினார். ஈர மண்ணில் கால் வைத்தார். ஒரு விரலால் கம்பியைத் தொட்டார்.

முழங்கை வரை யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. அதே நொடியில் எஞ்சின் விக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை உதறினார். சிறுமி அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “உங்களையும் கடிக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவள் குரலில் பரிவு இருந்தது.

அவர் எஞ்சினை நிறுத்தினார். கம்பியைத் தாங்கிய ஆணியைத் திருகிக் கழற்றினார். ஆணிக்குப் பின்னால், மரத்துக்குள் ஒரு துளை. துளைக்குள் நூல் சுற்றிய ஒரு வயர். வயரைத் தொடர்ந்து போனார். தரைப் பலகைக்கு அடியில் அழகாக ஒரு பள்ளம் வெட்டி, வயரை அதில் படுக்கவைத்து, மேலே மெல்லிய பட்டை அடித்து, சாயமும் பூசியிருந்தார்கள். இரண்டு இடத்தில் எலி கடித்து நூல் பிரிந்திருந்தது. அங்கேதான் ஈரம் ஏறி, கரண்ட் வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கசிந்தது. வயர் முன் இருக்கைக்கு வந்தது. நாச்சிமுத்து உட்காரும் இடத்தில், குதிகாலுக்கு எட்டும்படி ஒரு பித்தளைக் குமிழ். பழைய ஹாரன் குமிழ் என்று நினைத்து அவர் விட்டுவைத்தது அது. குமிழிலிருந்து வயர் மேலே ஏறி, ஆஞ்சநேயர் படத்துக்கு நேர் பின்னால் பலகையில் நுழைந்து, காயில் பெட்டியின் முதுகில், மூன்றாவது காயில் உட்காரும் இடத்து முனையில் போய் முடிந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. குமிழை அமுக்கினால் மூன்றாவது காயிலின் கரண்ட் முழுவதும் பின் கம்பிக்குப் போகும். கம்பியைத் தொட்டவன் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, அந்தச் சங்கிலி வழியாக வண்டிக்குத் திரும்பும். மழை நாளில் குமிழை அமுக்கவே தேவையில்லை; ஈர மரமே கடத்திவிடும். செருப்புப் போட்டவனுக்கு ஒன்றும் ஆகாது. செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று யாரிடம் சொல்லியிருந்ததோ, அவர்களுக்கு மட்டும்தான் ஆகும்.

வாயில் கசப்பு ஊறியது. செத்த எலிக்குஞ்சுகளை அவர் கையால் வாரிய போதுகூட இப்படி இல்லை. அது செத்ததன் நாற்றம். இது உயிரோடு இருப்பதன் நாற்றம்.

பழனியம்மாள் மகளோடு போயிருந்தாள். தூணோரம் சென்றாயன் நின்றிருந்தான்.

“உனக்கு இது தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசம் இருக்குமுங்க.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “மொதல்ல நாய்க்குன்னுதானுங்க போட்டாங்க. கூடையை மோந்துக்கிட்டுக் கம்பி மேல காலை வெக்குதுன்னு. ஒரு நாள் ஆள் ஒருத்தரு தெரியாமப் புடிச்சுத் துள்ளிட்டாரு. பண்ணாடிக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதுல இருந்து நாய்க்குப் போடறதில்லைங்க.”

“மூணு நாளா நான் மண்டையை உடைச்சுக்கறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா ஊடு போயிருமுங்க.”

“சொல்லாட்டியும் நாளைக்குப் போகத்தானே போகுது.”

சென்றாயன், இரண்டு பக்கமும் ஒரே பள்ளம் என்று தெரிந்த பிறகும் பழகின பக்கத்திலேயே நிற்கிறவனைப் போல நின்றான்.

மத்தியானம் நாச்சிமுத்துவின் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மருதாசலம் இலையைப் பிரித்தார், ஒரு கவளம் எடுத்தார். விழுங்க முடியவில்லை. இரண்டு நாளாக இதே கை போட்ட சோற்றைத் தின்று வாழ்த்தியிருக்கிறோம் என்று நினைத்தார். இலையை மடித்து மாட்டுக்கு வைத்துவிட்டுக் கை கழுவினார். அப்போதுதான் செவ்வாய்க்கிழமை நினைவு வந்தது. காப்பிக் கடைச் சிரிப்பில் தன்னுடைய சிரிப்பும் இருந்தது. கையை இன்னொரு தடவை கழுவினார்.

சாயங்காலம் நாச்சிமுத்து இரண்டு நண்பர்களோடு கொட்டகைக்கு வந்தார். மரப்பட்டை பெயர்ந்து, வயர் வெளியே தொங்குவதைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கும் என்று மருதாசலம் எதிர்பார்த்தார். சுருங்கவில்லை.

“கண்டுபுடிச்சுட்டயா? கெட்டிக்காரன்தான்யா நீ,” என்று நாச்சிமுத்து முதுகில் தட்டினார். நண்பர்கள் பக்கம் திரும்பி, “போன மாசம் ஒருத்தி தயிர்ப்பானையோட துள்ளினாளே, ஞாபகமிருக்குதா?” என்றார். மூவரும் சிரித்தார்கள். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிந்தது.

ஒளிக்க வேண்டிய காரியம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. மருதாசலத்துக்கு அதுதான் எல்லாவற்றிலும் அருவருப்பாக இருந்தது.

“ஒரு நிமிசம் பாருங்க,” என்று அவர் எஞ்சினை ஓடவிட்டார். வயரைக் காயில் பெட்டியிலிருந்து எடுத்தார். வண்டி சீராக ஓடியது. மறுபடி மாட்டினார். விக்கியது. மூன்று தடவை எடுத்து எடுத்து மாட்டினார். “கோளாறு இந்தக் கம்பியில இருக்குதுங்க. இதுனால மூணாவது சிலிண்டர் சாகுது. சென்றாயன் மேல குத்தமே இல்லைங்க.”

“சரி, விடு. கம்பிக்கு ரப்பர் குழாய் போட்டுக் கசியாமக் கட்டிரு. வண்டியும் ஓடோணும், அதுவும் இருக்கோணும்.”

“சாமி பேரைச் சொல்லிச் செய்யறீங்களாமே.”

“சொன்னாத்தானய்யா நம்புவாங்க. இல்லேன்னா கேள்வி கேப்பாங்க.”

“நான் கட்ட மாட்டேனுங்க,” என்றார் மருதாசலம்.

நாச்சிமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்படும் அளவுக்கு அவரை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்பது போலச் சென்றாயன் பக்கம் திரும்பினார்.

“இவன் கட்டாட்டி என்ன, நீ கட்டுவே. இல்லையாடா? கட்டறயா, ஊட்டைக் காலி பண்றயா?”

சென்றாயன் குடிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு வந்து, ரப்பர் குழாயை எடுத்து, வயரை அதற்குள் விட்டு, பள்ளத்தில் படுக்கவைத்துக் கட்டத் தொடங்கினான். மூன்று நாளாக மருதாசலம் கட்டியதைப் பார்த்துப் பழகிய கை. முடிச்சு சுத்தமாக விழுந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்க்கவே மருதாசலத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காக இதைச் செய்ய வேண்டுமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாமான்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கூலியை அவர் கேட்கவில்லை, நாச்சிமுத்துவும் கொடுக்கவில்லை. பேசாமல் போயிருக்கலாம். சென்றாயனிடம் அவருக்கு அந்த நேரத்தில் துளி இரக்கமும் இல்லை. ஆனாலும் கொட்டகை வாசலுக்கு வந்தவர் நின்று, நண்பர்கள் இருவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஒண்ணு சொல்லிட்டுப் போறேனுங்க. இத்தனை நாள் கோளாறான வண்டியை இவன் ஒருத்தன்தான் விழாம ஓட்டியிருக்கான். வேற கையா இருந்தா மேட்டுல உருண்டிருக்கும். சேலத்துல எங்க பட்டறைக்கு இப்படி ஒரு டிரைவர் கிடைச்சா நாளைக்கே வெச்சுக்குவோம். இவனை நீங்க அனுப்பினா நட்டம் உங்களுக்குத்தானுங்க.”

நண்பர்களில் ஒருவர் தலையாட்டினார். “மேஸ்திரி சொல்றது நெசந்தானப்பா. சென்றாயன் ஓட்டறதுல நான் ஒரு நாளும் பயந்ததில்லை.”

நாச்சிமுத்து வெற்றிலையைத் துப்பினார். “சரி சரி, இருந்துட்டுப் போறான்,” என்றார்.

சென்றாயன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆனால் அவன் கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகுதான் அடுத்த முடிச்சைப் போட்டது. வெறுப்பு இருக்கும்போதும் உண்மையைச் சொல்லிவிடுகிற மனிதர்களை ஆண்டவன் அங்கங்கே வைத்திருக்கிறான். அவர்களால்தான் பலருடைய அடுப்பு எரிகிறது.

மருதாசலம் கிணற்றடிக்குப் போனார். பழனியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஆஞ்சநேயர் உங்களைக் கடிக்கலே. அவர் யாரையும் கடிக்க மாட்டார். அது மனுசன் வெச்ச கம்பி. வெறுங்காலோட ஈரத்துல நிக்கறவங்களை மட்டும்தான் கடிக்கும். நீங்க சுத்தமாத்தான் இருக்கீங்க.”

அவள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. “அப்ப நான் இருந்த விரதம்?” என்று கேட்டாள்.

“அது சாமிகிட்டப் போய்ச் சேந்துருக்கும்மா.”

ராசாத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பழனியம்மாள் பக்கம் திரும்பி, “கத்தரிக்காய்க் கூடைக்காரப் பெரியவர் உங்க தெருதானே? அவரைப் பாத்தா, சேலத்து மேஸ்திரியும் அன்னிக்குத் தெரியாமச் சிரிச்சுட்டான், மன்னிச்சுக்கச் சொன்னான்னு சொல்லும்மா,” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் நாமக்கல் பாதையில் நடந்தார்.

வெள்ளிக்கிழமை சார்ஜெண்ட் முன்னால் வண்டி ஒழுங்காக ஓடியது. பர்மிட் கிடைத்தது. சென்றாயனின் மனைவி பாத்திரங்களை மறுபடி அடுப்பங்கரையில் வைத்தாள்.

சனிக்கிழமை நாச்சிமுத்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். உச்சி வெயில். சென்றாயன் வண்டியைக் கழுவுவதற்காக ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனான். மாடு மேய்க்கிறவர்கள்கூடச் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அவன் உடனே கழுவத் தொடங்கவில்லை. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து சிறிது நேரம் கைகளைப் பார்த்தான். வாழ்நாளில் தன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்ன மேஸ்திரி, அவன் போட்ட முடிச்சைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அதைச் சொன்னார். சேலத்துக்குப் போய் அவரைப் பார்க்கலாம், காலில் விழலாம், கொல்லைக் கடலையில் ஒரு படி கொண்டுபோய்க் கொடுக்கலாம். எதுவும் அந்த வார்த்தைக்கு ஈடாகாது என்று அவனுக்குத் தெரிந்தது.

பலகையைப் பெயர்த்தான். காயில் பெட்டியின் முதுகிலிருந்து வயரைக் கழற்றி, ரப்பர் குழாய்க்குள்ளிருந்து ஒரு முழம் உருவி, பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து, கத்தியால் அறுத்தான். குழாய் தொய்ந்து தெரியாமலிருக்க, அறுத்த இடத்தில் வேப்பங்குச்சி ஒன்றைச் சீவிச் செருகினான். குச்சியின் மேல் குழாயை இழுத்து மூடி, முன்பு போட்ட அதே முடிச்சைப் போட்டான். வெறும் குழாயின் நுனியைப் பெட்டியின் முதுகில் முன்பு போலவே கட்டினான். வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. பலகையை அடித்தான். அறுத்த வயர்த் துண்டைச் சுருட்டி ஏரியில் எறிந்தான்.

பண்ணாடி குமிழை அமுக்கிப் பார்த்து, ஏன்டா கடிக்கலே என்று கேட்கும் நாள் வரும். என்ன சொல்வது என்று யோசித்தான். கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

எஞ்சினை ஓடவிட்டான். நாலு சிலிண்டரும் அடித்தன. பித்தளைக் குமிழின் மேல் ஒரு கல்லை வைத்து அமுக்கினான். வண்டியின் பின்னால் போய், ஏரித் தண்ணீரில் கணுக்கால் அளவு நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தான்.

கம்பி வெயிலில் சுட்டது. வேறொன்றும் ஆகவில்லை.

கல்லை எடுத்து ஏரியில் போட்டான். பிறகு வாளியில் தண்ணீர் மொண்டு, சக்கரங்களிலிருந்த சேற்றைக் கழுவ ஆரம்பித்தான்.